இடைவெளி இல்லாத கடலில் எழும் அலைகள்

தேக்கா நிலையத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அத்தை, “இந்த செமஸ்டர் என்னம்மா படிக்கிற?” என்று கேட்டார். “கூட்டுக் கிளர்ச்சிகள்” என்றேன். கடைக்காரரிடம் நீட்டிய பணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, “மெதுவாப் பேசு. அதையெல்லாமா யுனிவர்சிட்டில சொல்லித் தர்றாங்க?” என்றார்.

அவர் பதறியது நியாயம்தான். செய்தித்தாள் தமிழில் கிளர்ச்சி என்றால் கலகம். இயற்பியல் தமிழில் அது வேறு. ஓர் அமைப்பு தன்னுடைய மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலிருந்து சற்று மேலே எழுவதைத்தான் அங்கே கிளர்ச்சி என்கிறார்கள். கிளர்வு என்றும் சொல்வதுண்டு. அத்தையின் நிம்மதிக்காக நான் இனி அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன். ஒரு துகள் மட்டும் எழுந்தால் தனிக் கிளர்வு. கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்து ஒரே அலையாக எழுந்தால் கூட்டுக் கிளர்வு.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நான் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி. இந்தத் துறையின் சூடான கேள்விகளில் ஒன்று, ஜூரோங் வெஸ்ட்டில் 179 பேருந்து சுற்றிவரும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்படுகிறது. அதே கேள்வியின் இன்னொரு முனை சென்னைத் தரமணியில் இருக்கிறது. இரண்டுமே நமக்குத் தெரிந்த ஊர்கள். ஆனாலும் தொடக்கக் கல்லூரியில் இரண்டு ஆண்டு இயற்பியல் படித்தபோது இதைப் பற்றி ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

முதலில் மேடையை அமைத்துக்கொள்வோம். இரண்டு குறைக்கடத்திப் படலங்கள் சந்திக்கும் பரப்பில் எலக்ட்ரான்களைச் சிறைப்பிடிக்க முடியும். அவற்றால் மேலும் கீழும் போக முடியாது, பரப்புக்குள் மட்டுமே நகரலாம். இதைச் சுழிய வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, செங்குத்தாக 10 டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் செலுத்தவேண்டும். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளில் வழக்கமாக இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. மின்னோட்டம் ஒரு திசையில் போக, அதற்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். இதை 1879ல் எட்வின் ஹால் கண்டுபிடித்தார். 1980ல் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங், இந்தக் குறுக்கு மின்தடை படிக்கட்டுபோல் மாறுவதைக் கண்டார். ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்தால் கிடைப்பது. 1982ல் டேனியல் சுயி, ஹோர்ஸ்ட் ஸ்டோர்மர், ஆர்தர் கொஸார்ட் மூவரும் யாரும் எதிர்பாராத 1/3 என்ற படியைப் பார்த்தார்கள். அதுதான் பின்னக் குவாண்டம் ஹால் விளைவு. அடுத்த ஆண்டே ராபர்ட் லாஃப்லின் அதற்கு விளக்கம் தந்தார். சுயி, ஸ்டோர்மர், லாஃப்லின் மூவருக்கும் 1998ல் நோபெல் பரிசு கிடைத்தது.

1/3 என்பதன் பொருள் எளிது. காந்தப்புலம் ஒவ்வோர் எலக்ட்ரானையும் சுமார் 8 நானோமீட்டர் அளவுள்ள சிறு வட்டத்தில் சுழல வைக்கிறது. அந்த வட்டங்களைப் பரப்பில் இன்னின்ன இடங்களில் வைக்கலாம் என்று கணக்கு உண்டு. அவற்றை இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இருக்கைக்கு ஓர் எலக்ட்ரான் என்றால் 1/3, ஐந்துக்கு இரண்டு என்றால் 2/5.

இந்த இருக்கைகள் எல்லாவற்றுக்கும் இயக்க ஆற்றல் ஒன்றே என்பதுதான் இதில் விசித்திரம். எங்கே உட்கார்ந்தாலும் செலவு சமம். அப்படியானால் எலக்ட்ரான்கள் எதை வைத்து முடிவெடுக்கும்? ஒன்றை ஒன்று விலக்கும் மின்விசையை வைத்து மட்டுமே. தீபாவளிக்கு முந்தைய இரவில் சிராங்கூன் சாலையில் நடந்திருப்பீர்கள். கேம்பல் லேன் திருப்பத்தில் நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்பதை உங்கள் கால்கள் முடிவு செய்வதில்லை, பக்கத்தில் நிற்பவரின் தோள்பட்டைதான் முடிவு செய்யும். எலக்ட்ரான்களின் நிலையும் அதுதான். உவமை ஓர் இடத்தில் இடறுகிறது: சிராங்கூன் சாலையில் இடமே இருக்காது, இங்கே மூன்றில் இரண்டு இருக்கை காலி. ஆனால் எலக்ட்ரான்களுக்கு ஒன்றையொன்று அவ்வளவு ஆகாது. இருக்கும் இடத்தை வைத்து மிக நேர்த்தியாக விலகி நிற்கின்றன. அந்த ஒழுங்கைத்தான் லாஃப்லின் ஒரு சமன்பாடாக எழுதினார்.

இனி இடைவெளிக்கு வருவோம். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததுமே மீட்டரில் ஒரு தொடக்கக் கட்டணம் இருக்கும். நூறு மீட்டர் போனாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். 1/3 நிலையும் அப்படித்தான். எவ்வளவு சிறிதாக அதைக் குலைக்க நினைத்தாலும் ஒரு குறைந்தபட்ச ஆற்றலைக் கட்டவேண்டும். அதுதான் ஆற்றல் இடைவெளி. போதுமான அளவு குளிரவைத்தால் சுற்றுப்புற வெப்பத்திடம் அந்தக் கட்டணத்துக்குப் பணம் இருக்காது, அதனால் எதுவும் குலையாது. படிக்கட்டு அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கட்டணத்தைக் கட்டினால் என்ன கிடைக்கும்? 1985ல் ஸ்டீவன் கெர்வின், ஆலன் மெக்டோனல்ட், ஃபிலிப் பிளாட்ஸ்மேன் மூவரும் இதற்குப் பதில் சொன்னார்கள். திரவ ஹீலியத்துக்கு ஃபைன்மன் பயன்படுத்திய வழியை எடுத்து, எலக்ட்ரான் அடர்த்தி முழுவதும் சேர்ந்து ஏறி இறங்கும் ஓர் அலையைக் கணக்கிட்டார்கள். அதற்கு மேக்னெட்டோரோட்டான் என்று பெயர். 1993ல் ஆரோன் பின்சுக் குழுவினர் ஒளியைச் சிதறவைத்து அதைக் கண்டார்கள். அலைநீளம் மிகப் பெரிதாகும்போது இந்த அலை இன்னும் விநோதமாகிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் தன்னைச் சுற்றி விட்டுவைக்கும் வெற்றிடத்தின் வடிவமே, வட்டம் நீள்வட்டமாகி மீண்டும் வட்டமாவதுபோல், துடிக்கத் தொடங்குகிறது. அதன் சுழற்சி எண் 2. ஈர்ப்பு அலைகளின் துகளாகக் கருதப்படும் கிராவிட்டானுக்கும் அதே எண் என்பதால், இதையும் கிராவிட்டான் என்றே அழைக்கிறார்கள். வானத்து ஈர்ப்பு விசைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கணிதம் மட்டும்தான் ஒன்று. 2024 மார்ச்சில் நான்ஜிங் பல்கலைக்கழகத்தின் டூ லிங்ஜியே தலைமையிலான குழு, வட்டமாகச் சுழலும் ஒளியைப் பாய்ச்சி இதற்கான சான்றை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அந்தக் கிராவிட்டான் இடமாகச் சுழல்கிறதா வலமாகச் சுழல்கிறதா என்பதுகூடத் தெரிந்தது. பின்சுக் 2022ல் காலமாகிவிட்டார், ஆனாலும் கட்டுரையில் அவர் பெயர் இருக்கிறது.

இதுவரை எல்லாம் இடைவெளி உள்ள நிலைகள். பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு ஆர்வம் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

ராஜஸ்தானின் சாம்பரில் பிறந்து, இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜைனேந்திர ஜெயின், 1989ல் ஒரு யோசனை சொன்னார். காந்தப்புலத்தைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்து எண்ணலாம். ஒவ்வோர் எலக்ட்ரானும் இரண்டு இழைகளைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறது என்று வையுங்கள். அந்தப் புதிய பொட்டலத்துக்குக் கூட்டு ஃபெர்மியான் என்று பெயர். எலக்ட்ரான் உணர்வது முழுக் காந்தப்புலம், கூட்டு ஃபெர்மியான் உணர்வதோ மிச்சத்தை மட்டும். 1/3ல் ஓர் எலக்ட்ரானுக்கு மூன்று இழை. இரண்டு போக மிச்சம் ஒன்று. 2/5ல் இரண்டரை இழை, மிச்சம் அரை. இந்தக் கழித்தல் கணக்கிலிருந்து 1/3, 2/5, 3/7, 4/9 என்று ஒரு வரிசை வருகிறது. ஆய்வகத்தில் தெரியும் படிகளும் இதே வரிசைதான். 2025ல் ஜெயினுக்கு, ஜேம்ஸ் ஐஸன்ஸ்டைன், மோட்டி ஹைப்ளம் இருவருடன் சேர்த்து வுல்ஃப் பரிசு வழங்கப்பட்டது.

எச்2 கணிதம் படிப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: n/(2n+1) என்ற அந்த வரிசையின் எல்லை என்ன? 1/2. அங்கே ஓர் எலக்ட்ரானுக்குச் சரியாக இரண்டு இழை, மிச்சம் சுழியம். வரிசையில் மேலே போகப் போக இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து, 1/2ல் இல்லாமல் போகிறது. தொடக்கக் கட்டணம் இல்லாத பயணம். டாக்சியை விட்டு இறங்கி நடப்பதுபோல, ஓர் அங்குலம் நகர ஓர் அங்குலத்துக்கான முயற்சி போதும். இதுதான் இடைவெளியற்ற நிலை.

1/2ல் படி எதுவும் தெரியாததால், அங்கே சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். 1990ல் ராபர்ட் வில்லெட் குழுவினர் அதே இடத்தை ஒலியால் சோதித்தார்கள். கேலியம் ஆர்சனைடு பரப்பின்மேல் ஓர் ஒலியலையை ஓடவிட்டு, எலக்ட்ரான்கள் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்தார்கள். 1/2க்கு வந்தபோது ஒலி எதிர்பாராத விதமாக மாறியது. பெர்ட்ரண்ட் ஹால்பரின், பேட்ரிக் லீ, நிக்கலஸ் ரீட் மூவரும் 1993ல் அதற்குக் காரணம் சொன்னார்கள். 10 டெஸ்லா புலத்துக்குள் நின்றுகொண்டே, கூட்டு ஃபெர்மியான்கள் புலமே இல்லாததுபோல் நேர்கோட்டில் ஓடுகின்றன. செம்புக் கம்பியில் உள்ள எலக்ட்ரான்கள்போல் அவை ஒரு ஃபெர்மி கடலை நிரப்பியிருக்கின்றன. அதே ஆண்டு வில்லெட், புலத்தை 1/2லிருந்து சற்று விலக்கி, கூட்டு ஃபெர்மியான்கள் போடும் வட்டத்தின் அளவு ஒலியின் அலைநீளத்தோடு பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்தார். இழைகளைச் சுற்றிக்கொள்வது என்ற கற்பனைப் பொட்டலம், நிஜமாகவே வட்டமடித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

சென்னை ஐஐடியில் படித்து, பின்னர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஆர். சங்கர், கணபதி மூர்த்தியுடன் சேர்ந்து இந்தப் பொட்டலத்தை எலக்ட்ரான்களின் சமன்பாடுகளிலிருந்தே வருவிக்க முயன்றார். குவாண்டம் இயற்பியல் படிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் தடிமனான பாடநூலை எழுதிய அதே சங்கர்தான்.

சரி, இடைவெளி இல்லாத இடத்தில் கூட்டு அலை என்ன ஆகும்? அமைதியான கோயில் மண்டபத்தில் நாகசுரத்தின் ஒரு சுரம் நெடுநேரம் தனியாகக் கேட்கும். அதே சுரத்தைச் சனிக்கிழமை இரவு ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்தில் வாசித்தால், எங்கே சுரம் முடிந்தது எங்கே இரைச்சல் தொடங்கியது என்று பிரிக்க முடியாது. இடைவெளி உள்ள நிலையில் மிகத் தாழ்ந்த கூட்டு அலைக்குச் சிதைந்து போக வேறு வழி கிடையாது, அதனால் வாழ்கிறது. இடைவெளியற்ற நிலையில், மிக மலிவான தனிக் கிளர்வுகள் எல்லா ஆற்றலிலும் வரிசைகட்டி நிற்கின்றன. அலை தன் ஆற்றலை அவற்றுக்குப் பங்கிட்டுக் கரைந்துவிடலாம். எது கரையும், எது தப்பும் என்பதுதான் கேள்வி. 2016ல் டாம் தான் சோன் குழுவினர் ஓர் அழகான படம் வரைந்தார்கள். 1/2க்கு அருகிலுள்ள நிலைகளில் மேக்னெட்டோரோட்டான்கள் எல்லாம், அந்த ஃபெர்மி கடலின் கரை வடிவம் நெளிவதன் வெவ்வேறு விதங்கள் என்பது அந்தப் படம்.

இங்கேதான் நன்யாங் வருகிறது. 2/5 நிலைக்கு ஜெயின் தந்த அலைச்சார்பு ஒன்று உண்டு. 2007ல் ஸ்டீவ் சைமன் குழுவினர், காஃப்னியன் என்ற இன்னொன்றைத் தந்தார்கள். சில எலக்ட்ரான்களை வைத்துக் கணினியில் சோதித்தால் இரண்டுமே சரியான விடைக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஆனால் இரண்டும் சொல்லும் கதை முற்றிலும் வேறு. காஃப்னியன் உண்மையான, இடைவெளி உள்ள நிலை என்றால், அதன் துகள்கள் தாங்கள் இடம் மாறிய வரிசையை நினைவில் வைத்திருக்கும். குவாண்டம் கணினிக்காக ஆய்வாளர்கள் தேடுவது அப்படிப்பட்ட துகள்களைத்தான். காஃப்னியனுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்று 2009ல் நிக்கலஸ் ரீட் வாதிட்டார். அதன் பின்னுள்ள கணிதக் கோட்பாட்டில் நிகழ்தகவுகள் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை, ஆகவே அது இடைவெளியற்றதாகத்தான் இருக்க முடியும் என்றார்.

கணினியில் பார்த்து முடிவு செய்துவிடலாமே என்று கேட்கலாம். உங்கள் கால்குலேட்டரை எடுங்கள். 1/3 நிலையை ஓர் உருண்டையின் மேல் வைத்துக் கணக்கிட்டால், 10 எலக்ட்ரான்களுக்கு 28 இருக்கை. 28ல் 10ஐத் தேர்ந்தெடுக்க 13,123,110 வழிகள். 15 எலக்ட்ரான்களுக்கு 43 இருக்கை, வழிகள் 151 பில்லியனுக்கு மேல். சமச்சீர்மையைப் பயன்படுத்தி இதை நிறையக் குறைக்கலாம், ஆனால் வளர்ச்சியின் வேகத்தை நிறுத்த முடியாது. உண்மையான மாதிரியிலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 பில்லியன் எலக்ட்ரான்கள் இருக்கும். சிறிய கூட்டத்தில் எப்போதும் ஏதோ ஓர் இடைவெளி தெரியத்தான் செய்யும். நால்வர் மட்டும் நிற்கும் சாலையை வைத்து தீபாவளி இரவை ஊகிப்பதுபோல. கூட்டம் பெருகும்போது அந்த இடைவெளி நிற்குமா மூடுமா என்பதற்குக் கணினி மட்டும் போதாது, வாதம் வேண்டும்.

நன்யாங் பல்கலைக்கழகத்தின் யாங் போ, 2016ல் நோபெல் பரிசு பெற்ற டங்கன் ஹால்டேனிடம் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். காஃப்னியனையும், ஹாஃப்னியன் என்ற அதன் உறவுக்கார நிலையையும் பற்றி 2021ல் அவர் எழுதிய கட்டுரை என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. ஹாஃப்னியன் ஏன் இடைவெளியற்றது என்பதற்கு அவர் எலக்ட்ரான் அளவிலேயே காரணம் காட்டுகிறார். அதோடு விடவில்லை. இடைவெளி இல்லை என்பதால் இந்த நிலைகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்கிறார். நன்கு அறியப்பட்ட 1/3 நிலையின் தாழ்ந்த கிளர்வுகளை எடுத்துப் பிரித்தால், அவை காஃப்னியன், ஹாஃப்னியன் துகள்களால் ஆன திரவங்களாகத் தெரிகின்றன. அதாவது, தனித்து நிற்க முடியாத ஒரு நிலை, நன்றாக நிற்கும் இன்னொரு நிலையின் அலைகளை விவரிக்கும் மொழியாகிறது. 2023ல் அவரும் வாங் யூசூவும் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் இதே சிந்தனையை கிராவிட்டான்களுக்கு நீட்டினார்கள். ஒரே திரவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கிராவிட்டான்கள் எப்படி வர முடியும் என்பதற்கு, திரவத்துக்குள் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட உள்ளடுக்குகளே காரணம் என்றார்கள்.

சென்னை முனை இதுதான். தரமணியில் 1962ல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனத்தில் அஜித் பல்ராம் பணியாற்றுகிறார். அவர் ஜெயினின் மாணவர். 2021ல் அவரும் யாங் போவும் சேர்ந்து, இந்த நிலைகளின் அடிப்படைக் கிளர்வுகளை எளிய கட்டுப்பாட்டு விதிகளிலிருந்து வருவிக்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். ஜெயினின் வழியில் வந்தவர் ஒருவர், ஹால்டேன் வழியில் வந்தவர் ஒருவர். இரு பள்ளிகளும் ஒரே பொருளை வெவ்வேறு மொழியில் பேசுபவை. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல: ஒரு மொழியில் ஒரே சொல்லில் முடிவது, மற்றதில் ஒரு பத்தியாகும்.

சிங்கப்பூர் 2024ல் தேசியக் குவாண்டம் உத்தியை அறிவித்து ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. செய்திகளில் வந்தவை பெரும்பாலும் கணினிகள், பாதுகாப்பான தொடர்பு, உணர்கருவிகள். எந்தத் திரவத்தின் இடைவெளி உண்மையானது, எது சிறு கணக்கின் மாயை என்ற கேள்வி தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் நினைவுள்ள துகள்களை நம்பி ஒரு கருவி கட்ட நினைப்பவர், அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் முதல் செங்கல்லையும் வைக்க முடியாது. “இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான். சிலர் ஏற்கிறார்கள், சிலர் கணினி அறிவியலுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

கையில் காகிதம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். இரண்டுக்குப் பதில் நான்கு இழைகளைச் சுற்றிக்கொள்ளும் கூட்டு ஃபெர்மியான்களை எடுங்கள். n/(4n+1) வரிசை 1/5, 2/9, 3/13 என்று போகும். n/(4n−1) வரிசை 1/3, 2/7, 3/11 என்று போகும். ஒன்று கீழிருந்தும் மற்றது மேலிருந்தும் 1/4ஐ நெருங்கும். அந்த 1/4 இன்னோர் இடைவெளியற்ற கடல். 2022ல் டுங் குவென், ஹால்டேன், எட்வர்ட் ரெசாயி, சோன், குன் யாங் ஐவரும் அதையும் அதன் இரு அண்டை நிலைகளையும் கணினியில் ஆராய்ந்தார்கள். 1/3ல் கிராவிட்டானுக்கு ஒரே உச்சம்தான். 2/7லும் 2/9லும் இரண்டு உச்சங்கள் எழுந்தன. 2/9ல் அவை இரண்டும் ஒரே பக்கம் சுழல்கின்றன. 2/7ல் ஒன்று இடமாக, மற்றது வலமாக. நான்ஜிங் குழு பயன்படுத்திய சுழல் ஒளி, இந்த இரண்டு சுழற்சிகளையும் பிரித்துக் காட்டக்கூடிய கருவி.